வயசு மட்டும் மாறிப்போன தாள்

எல்லாரும் எப்படி இருக்கீங்க? முட்டி வலி, சுகர் எல்லாம் கட்டுக்குள்ள இருக்கா? எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் ஒரு மாசமா ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, அதான் உக்காந்து தட்டுறேன்.

என் மருமக மனோதத்துவத்துல ஆராய்ச்சி பண்றா. மனுஷங்களோட கோளாறான குணங்களை அளக்கிற கேள்வித்தாள் ஒண்ணை இங்கிலீஷ்லேருந்து தமிழுக்கு மாத்தியிருக்கா. மாத்தினா மட்டும் போதாதாம், அது சரியா அளக்குதான்னு காட்டணுமாம். ஊருக்கெல்லாம் குடுக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க பத்து பேரை வச்சு ஒத்திகை. அதுல நானும் ஒருத்தி.

"நெருக்கமான ஒருத்தரை மனசுல நினைச்சு டிக் போடுங்க அத்தை. பேர் வேணாம், அவங்க வயசு மட்டும் மேல எழுதுங்க. ரெண்டு வாரம் கழிச்சு இதே தாளை மறுபடி தருவேன், அதே ஆளை நினைச்சுப் போடணும்."

"எதுக்கு ரெண்டு தடவை? எனக்கு மறதி வந்துடுச்சான்னு பாக்கிறியா?"

"உங்களை இல்ல, தாளைத்தான் சோதிக்கிறேன். பதில் ரொம்ப ஆடினா தாள் சரியில்லன்னு அர்த்தம்."

ஒரு கேள்வியில 'உணர்ச்சி நிலைத்தன்மை அற்றவர்'னு இருந்துச்சு. "இது யாருக்கும்மா புரியும்? எந்த நேரத்துல எப்படி இருப்பார்னு சொல்ல முடியாதுன்னு போடு"ன்னேன். அவ பேனாவை அப்படியே பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்தா. "எப்படி அத்தை இவ்ளோ கரெக்டா சொல்றீங்க?" நான் அடுப்பைப் பாக்கிற மாதிரி எழுந்து போயிட்டேன்.

நான் நினைச்சது என் வீட்டுக்காரரை. அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. போனப்ப வயசு அறுபத்தாறு, அதையே எழுதினேன். கோபம் வந்தா கையில கிடைச்சதை வீசுவார், தப்பு எப்பவும் அடுத்தவங்க மேலதான். செத்தவரைப் பத்தித்தானே, பயமில்லாம டிக் போட்டேன்.

ரெண்டாவது தாள் வந்த அன்னிக்குக் காலையில என் மகன் கார் சாவியைக் காணோம்னு சார்ஜரைச் சுவத்துல அடிச்சான். அப்புறம் சாப்பிட வந்து உக்காந்தான். ஆறு வயசுப் பேத்தி சத்தமில்லாம அவன் கைகிட்ட இருந்த கண்ணாடி டம்ளரை மேஜையோட அந்த ஓரத்துக்கு நகர்த்தி வச்சா. யாரும் சொல்லிக் குடுக்கல. நானும் என் வீட்டுக்காரர் பக்கத்துல முப்பத்தாறு வருஷம் அதையேதான் செஞ்சேன். மத்தியானம் உக்காந்து தாளை முடிச்சுக் குடுத்துட்டேன்.

மறுநாள் சமையலறை மேஜையில ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு மருமக உக்காந்திருந்தா.

"இருபது கேள்வி அத்தை. இருபது பதிலும் அப்படியே இருக்கு. வேற யாருக்கும் இப்படி வரல."

"பாத்தியா, என் மூளை இன்னும் துருப்பிடிக்கல."

"வயசு மட்டும் மாறியிருக்கு."

பார்த்தேன். முப்பத்தெட்டு. என் கையெழுத்துதான். எங்க வீட்டுல முப்பத்தெட்டு வயசுல ஒரே ஒருத்தன்தான்.

"முதல் தாள் மாமாவா?"

தலையாட்டினேன்.

"அப்போ இது செல்லாது. ரெண்டும் வேற வேற ஆளு." தாளை மத்ததோட சேர்க்காம தனியா எடுத்து வச்சா. அப்புறம் குரல் இறங்கிடுச்சு. "ஏழு வருஷமா 'வேலை டென்ஷன்மா, அவன் மனசு தங்கம்'னு சொன்னீங்க. நான்தான் சின்ன விஷயத்தைப் பெருசு பண்றேனோன்னு இருந்துட்டேன் அத்தை."

பெத்த பிள்ளை பக்கம் ஒரு வார்த்தை பேசலாம்னு தேடினேன், வரல.

"நீ பெருசு பண்ணலம்மா. எனக்கு இதை யாரும் சொன்னதில்ல. நான் உனக்குச் சொல்றேன், நீ பெருசு பண்ணல."

அவ அழல. தாளை ரெண்டா மடிச்சு வச்சுட்டுப் பேத்தியோட ஸ்கூல் பையை எடுத்தா. சனிக்கிழமை மருமகளும் பேத்தியும் அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. அவங்க துணியெல்லாம் நான்தான் மடிச்சுப் பெட்டியில வச்சேன்.

மகன் என்கிட்ட சரியாப் பேசறதில்ல. "நீதான் என் குடும்பத்தைக் கெடுத்தே"ங்கிறான். "முதல்ல டாக்டர்கிட்ட போய் உன்னைக் காட்டு, அப்புறம் அவளைக் கூப்பிடு"ன்னு ஒரு தடவை சொன்னேன். தினமும் எதிர்ல உக்காந்து சாப்பிடறான். டம்ளர் அவன் கைகிட்டயே இருக்கு. நான் நகர்த்தறதில்ல.

செஞ்சது சரியா, இதையே ஏழு வருஷம் முன்னாடி செஞ்சிருக்கணுமான்னு தெரியல. உங்க வீட்டுலயும் யாராவது டம்ளரை நகர்த்தியிருந்தா, அப்ப நீங்க என்ன சொன்னீங்க, என்ன சொல்லாம விட்டீங்கன்னு எனக்கு எழுதுங்க. பேர் போட வேணாம்.