மூக்கு சீனிச்சாமியின் நீலக் குப்பி

எங்க வீட்டு மனுசனுக்குப் போடி ஊருக்குள்ள மூக்கு சீனிச்சாமின்னு பேரு. மூக்கு பெருசுன்னு நெனச்சிராதீங்க. ஏலக்காய மோந்து பாத்தே இது பழைய காயா புதுக் காயா, காயப்போடும்போது சூடு கூடிக் கருகுனதா, எந்தச் சரிவுல வெளஞ்சதுன்னு எல்லாம் சொல்லிருவாரு. இவரு மோந்து பாத்துத் தலையாட்டுனாத்தான் பெரிய யாவாரிகளே மூட்டைய எடுப்பாக. அந்தத் தலையாட்டுலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது, நான் இல்லைங்கல. ஆனா மூக்கு ஒண்ணு நல்லா இருந்தா மூளையும் நல்லா இருக்கும்னு ஒரு மனுசன் நெனைக்கலாமா? இவரு நெனச்சாரு.

எங்களுக்கு ஒத்தப் பொண்ணு, பானுப்பிரியா. போன வைகாசியில தேவாரம் ஊருல கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ளை பேரு அருண்பாண்டி, தங்கமான புள்ள. தலைத்தீபாவளிக்கு ரெண்டு பேரும் வர்றாக. ஊரு உலகத்துல என்ன செய்வாக? மோதிரம் போடுவாக, துணிமணி எடுப்பாக, கறி எடுத்துச் சமைச்சுப் போடுவாக. இந்த மனுசன் வண்டி செஞ்சாரு.

மூட்டை ஏத்துற பழைய வேன் ஒண்ணு எங்ககிட்ட கெடந்துச்சு. அதுக்குள்ள கட்டில் அடிச்சு, சன்னலுக்குத் திரை போட்டு, ஓரத்துல அடுப்பு வச்சு, "வண்டியில்ல வள்ளி, வீடு"ன்னாரு. கூட நின்னு ஆட்டம் போட்டவன் இவரோட அக்கா மகன் பிரபு. கோயமுத்தூர்ல என்னமோ படிச்சுட்டு வந்து, போன்ல படம் பாக்குறதையே சோலியா வச்சிருக்கவன்.

"அத்தை, வெளிநாட்டுல எல்லாம் ஜனங்க வண்டியிலயேதான் குடித்தனம் பண்றாங்க"ன்னான்.

"அவுகளுக்கு வீட்டு வாடகை கட்ட வக்கில்லையா இருக்கும்"னேன்.

அவுக திட்டம் இதுதான். தீபாவளி அன்னைக்கு மத்தியானம் சாப்புட்டு முடிச்சதும் பொண்ணும் மாப்பிள்ளையும் அந்த வேன்ல ஏறி, போடிமெட்டுக்கு மேல இருக்க எங்க ஏலத்தோட்டத்துக்குப் போகணும். குளுருக்குக் கதவு சன்னல் எல்லாத்தையும் இறுக்கிச் சாத்திக்கிட்டு, அடுப்பப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ராவெல்லாம் அதுக்குள்ள தூங்கணும். பெத்த வயிறு சும்மா இருக்குமா? "எம்புள்ள என்ன ஏலக்காய் மூட்டையா?"ன்னு கேட்டேன். காதுல வாங்குனாத்தானே.

அடுப்பு வந்துருச்சு, கேஸ் வேணுமில்ல. அங்கதான் வந்துச்சு அந்த நீலக் குப்பி. கொச்சியில படகு வச்சிருந்த ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குக் கெளம்பயில வித்துட்டுப் போன சாமானாம். பிரபு அதைப் பச்சப்புள்ளயத் தூக்கிட்டு வர்றாப்புல தூக்கிட்டு வந்தான். குட்டியா, வழுவழுன்னு, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள ஒண்ணும் இல்ல. வாங்குற முன்னால இதை எங்க நெரப்புறதுன்னு ஒரு வார்த்தை கேக்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணல. அது வந்த அன்னைக்கே ஆசாரியக் கூப்புட்டு, அந்தக் குப்பி மட்டும் நுழையுற அளவுக்கு ஒரு மரப்பொட்டிய அடிச்சு வண்டியில எறக்கிட்டாக.

மொத நாள் நம்ம ஊரு கேஸ் ஏஜென்சிக்குக் கொண்டுபோனாக. நானும் சந்தைக்குப் போகணும்னு கூடவே போனேன். அங்க இருந்த ஆளு குப்பியத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அண்ணே, இது நம்ம நாட்டு சிலிண்டரே இல்ல. இதுல நாங்க நெரப்பக்கூடாது. திருகுற மரையும் சேராது. ஆதார் மட்டும் காட்டுங்க, அஞ்சு கிலோ சின்ன சிலிண்டர் தர்றேன். காலியானா கொண்டாங்க, வேற மாத்திக்கலாம்"னாரு.

இதுக்கு மேல ஒருத்தன் என்ன சொல்லணும்? எடுத்துட்டு வரவேண்டியதுதானே? எங்க வீட்டுப் பெரிய மனுசன், "அது பொட்டிக்குள்ள நுழையாதே"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டாரு. பொட்டிய அறுத்துப் பெருசாக்கலாம்னேன். "தேக்குடீ!"ன்னு என்னை மொறச்சாரு. தேக்காம். பொண்ணு உசுரு போனாலும் தேக்குல கீறல் விழக்கூடாது.

அடுத்து ஜீப்பப் புடிச்சு மலையேறி பூப்பாறைக்கு ஓடுனாக. கேரளாக்காரனுக்குப் படகுக் குப்பியப் பத்தித் தெரிஞ்சிருக்கும்னு பிரபு சொன்னானாம். கடல் எங்க இருக்கு, பூப்பாறை எங்க இருக்கு. அங்கயும் ஒருத்தர் குப்பியப் பாத்துட்டு, "இது பற்றில்ல சேட்டா"ன்னு கைய விரிச்சுட்டாரு. வளைவு வளைவாச் சுத்தி மேல போயி, வளைவு வளைவாச் சுத்திக் கீழ வந்து, பிரபு வாந்தி எடுத்ததுதான் மிச்சம்.

அதுக்கப்புறமாச்சும் புத்தி வரணுமே. சிலமலை போற ரோட்டுல ஒரு தகரக் கொட்டாய்ல ஒருத்தன் திருட்டுத்தனமா கேஸ் மாத்திக் குடுக்குறான்னு கேள்விப்பட்டு அங்க போனாக. அந்த மகராசன் வீட்டு சிலிண்டரத் தலைகீழா நிறுத்தி, ரப்பர் குழாயச் சொருகி, கள்ளு எறக்குற மாதிரி எறக்கிக் குடுப்பானாம், வாயில பீடியோட. குப்பிக்கு மரை சேரலைன்னதும் லேத்துப் பட்டறையில பித்தளையில ஒரு நெட்டக் கடைஞ்சு வாங்கி, நூல் சுத்தி, முறுக்கி மாட்டி, கழுத்து வரைக்கும் ரொப்பிட்டான். வீட்டுக்கு வந்து எங்கிட்ட குப்பிய ஆட்டிக் காட்டுறாரு. "பாத்தியா வள்ளி, தளும்பவே இல்ல. அம்புட்டு நெறையா ஊத்தியிருக்கான், நல்ல மனுசன்!"

கேஸ் என்ன மோரா, நெறையா ஊத்துனவன் நல்லவன்னு சொல்ல? அது விரியுறதுக்கு எடம் வேணாமா? எனக்கு எரிச்சலா வந்துச்சு.

தீபாவளிக்கு மொத நாள் சாயங்காலம் குப்பியப் பொட்டிக்குள்ள வச்சு அடுப்போட குழாய மாட்டுனாக. பிரபு போனப் பாத்துட்டு, "மாமா, சோப்புத் தண்ணியக் கரைச்சு இந்த நெட்டு மேல தடவிப் பாக்கணுமாம். முட்டை விட்டா லீக்காம்"னான். அவன் பொறந்ததுலருந்து வாயத் தொறந்து சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

இவரு சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு! "ஏண்டா மாப்ளே, போடி மார்க்கெட்டே நம்பி மூட்டை எடுக்குற மூக்கு இங்க இருக்கையில சோப்புத் தண்ணியா?" குனிஞ்சாரு. நெட்டுக்கிட்ட மூக்க வச்சு, கண்ண மூடி, ஏலம் மோந்து பாக்குற அதே தோரணையில இழுத்தாரு. "சுத்தம்"னுட்டு நிமுந்தாரு. மாமா சொல்லிட்டாருன்னு அந்தப் பயலும் குனிஞ்சே பாக்கல. இந்த ஊருல அப்படித்தான், எங்க வீட்டுக்காரரு மோந்து பாத்துட்டா இன்னொருத்தன் மோந்து பாக்கமாட்டான்.

விடிஞ்சா தீபாவளி. பொண்ணும் மாப்பிள்ளையும் எண்ணெய் தேச்சுக் குளிக்க உக்காந்திருந்தாக. தெருவுல சரவெடி வெடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரக் காணோம். "மாப்பிள்ளைக்கு வண்டி அடுப்புல மொத டீ போட்டுக் கொண்டாறேன்னு போனாரு அத்தை"ன்னான் பிரபு, அதிரசத்தக் கடிச்சுக்கிட்டு. திட்டிக்கிட்டே வாசல்ல நிக்குற வேனுக்குப் போயி கதவத் தொறந்தேன்.

யாத்தே! கொடலப் புடுங்குற நாத்தம். அழுகுன முட்டைக்கோசக் கொண்டாந்து மூஞ்சியில அப்புன மாதிரி இருந்துச்சு. அத்தனை வருசம் ஏலக்காய் ஏத்துன வண்டி, அந்த வாசத்தையும் அமுக்கிக்கிட்டுக் கேஸ் நாத்தம் தூக்குது. அதுக்கு நடுவுல கட்டில்ல சம்மணங்கால் போட்டு உக்காந்திருக்காரு இந்த மனுசன். அடுப்புல பால் சட்டி. ஒரு கையில தீப்பெட்டி, இன்னொரு கையில குச்சி.

எப்படிப் பாஞ்சேன்னு எனக்கே தெரியாது. தீப்பெட்டியப் புடுங்கித் தெருவுல விட்டெறிஞ்சேன். குப்பியோட திருக மூடுனேன், மூடியும் பித்தளை நெட்டுகிட்ட புஸ்ஸுங்குது. ரெண்டு பக்கக் கதவையும் தொறந்துவிட்டுட்டு, குழாயப் புடுங்கி, குப்பியப் பொட்டியோட இழுத்துத் தூக்கி, வெடி போடுற புள்ளைகளப் பாத்து "தூரப் போங்கடா!"ன்னு கத்திக்கிட்டே பின்னால இருந்த காலி எடத்துக்குக் கொண்டுபோயி வச்சேன். தேக்கு ரெண்டாப் பொளந்துருச்சு. பொளக்கட்டும். திரும்பி வந்து பாத்தா இவரு எறங்கி வேன் ஓரமா அப்படியே நிக்கிறாரு.

"ஏய்யா, உனக்கு அறிவு இருக்கா? குச்சிய ஒரசியிருந்தா நீயும் இல்ல, தெருவுல வெடிச்சுக்கிட்டிருக்க புள்ளைகளும் இல்ல! மத்தியானம் எம்பொண்ண இதுக்குள்ள போட்டுப் பூட்டி அனுப்பியிருப்பியேய்யா பாவி! இம்புட்டு நாத்தம் அடிக்குது, தெரியலயா? ஊரே மெச்சுற மூக்கு எங்க போச்சு?"

அவரு என்னைப் பாக்கல. தெருவப் பாத்துக்கிட்டு, "தெரியல வள்ளி"ன்னாரு.

"என்ன தெரியல?"

"எதுவுமே தெரியல. கொரோனாக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட போச்சு. திரும்பி வரவே இல்ல. நேத்து மோந்து பாத்ததும் சும்மாதான்."

எனக்கு மொதல்ல வெளங்கல. காய்ச்சல் வந்து வருசக்கணக்காச்சே. அதுக்கப்புறம் எத்தனை அறுப்பு, எத்தனை மூட்டை, எத்தனை தலையாட்டு! "அப்ப காய எப்படிய்யா பாத்தே?"ன்னேன்.

"நெறத்தப் பாப்பேன், குலுக்கிக் கேப்பேன். மீதிக்கு நீதான். மாதிரிக் காய வீட்டுக்குக் கொண்டாந்து உன் உள்ளங்கையில போட்டு, உனக்கு என்ன தெரியுது சொல்லுன்னு கேப்பேன்ல. நீ சொல்றதத்தான் மறுநாள் போயிச் சொல்வேன்."

என்னைக் கிண்டல் பண்ணத்தான் கேக்குறாருன்னு இத்தனை நாளும் நெனச்சிருந்தேன். "இதுகூடத் தெரியாமயா சோறு திங்கிறேன்? கருகுன காய், தூக்கிப் போடுங்க"ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி பதில் சொல்லுவேன். அவரும் சிரிச்சுக்கிட்டே காய மடிச்சு வச்சுக்குவாரு.

"எங்கிட்டயாச்சும் சொல்லித் தொலச்சிருக்கலாமே"ன்னேன்.

"வெளிய தெரிஞ்சா எவன் என்னை நம்பிக் காய எடுப்பான்? மூக்குங்கிறது பேருல மட்டும் இருந்தா போதுமா? உங்கிட்ட சொல்லலாம்னு எத்தனையோ தடவ வந்தேன். நீ பேசுற பேச்சக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிருவேன்."

 என் சாம்பார அன்னைக்கு மணக்குதுன்னாரு, இன்னைக்கு மணக்குதுன்னாரு, அதெல்லாம் பொய்தானா? ஒண்ணும் மணக்காமத்தான் இத்தனை நாளும் தின்னுருக்காரு. அழுகை வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா வந்தா நான் திட்டத்தான் செய்வேன். திட்ட வாயத் தொறந்தேன், அதுக்குள்ள வீட்டுக்குள்ளருந்து எல்லாரும் ஓடியாந்துட்டாக. முன்னால மாப்பிள்ளை, தலையில எண்ணெய் வழிய, இடுப்புல துண்டோட. பின்னால பானுப்பிரியா. அவளுக்குப் பின்னால பிரபு. அண்டை வீட்டுக்காரரும் வந்துட்டாரு. அவரும் ஏலக்காய் யாவாரிதான், காதுல விழுந்தத ஊரு பூராச் சொல்லிச் சுத்தி வர்ற ஆளு.

"என்னத்தை, கேஸ் நாத்தமா அடிக்குது?"ன்னாரு மாப்பிள்ளை.

பிரபு எங்க வீட்டுக்காரரப் பாத்து முழிக்கிறான். "மாமா, நேத்து நீங்கதான மோந்து பாத்து சுத்தம்னீங்க? இம்புட்டு நாத்தம் உங்களுக்கு எப்படி..."

அண்டை வீட்டுக்காரரு சந்தேகமாத் தலையச் சாய்ச்சாரு. எங்க வீட்டுக்காரரு மூஞ்சியில ரத்தம் இல்ல.

"எடுபட்ட பயலே!"ன்னு பிரபு மேல விழுந்தேன். "நேத்து சுத்தமாத்தாண்டா இருந்துச்சு. ராத்திரி நீ போயி நெட்டத் திருகி வெளையாண்டியா? போனப் பாத்துப் பாத்து உனக்குக் கை சும்மா இருக்காதே! காலையில உங்க மாமா வாசல்லருந்தே மோப்பம் புடிச்சு, ஓடிப்போயி திருக மூடி, கதவத் தொறந்துவிட்டாரு. அவரு இல்லைன்னா இந்நேரம் தெருவே இல்லடா! நாளைக்குக் கடை தொறந்ததும் போயி, ஆதாரக் காட்டி, அந்தச் சின்ன சிலிண்டர வாங்கிட்டு வர்ற. பொட்டியும் ஒடஞ்சுபோச்சு, இனி அது நுழையாதுன்னு எவனும் சொல்ல முடியாது. அது வந்து, சோப்புத் தண்ணிய நான் தடவிப் பாத்தப்புறம்தான் எம்புள்ள வண்டியில ஏறுவா."

பிரபு "அத்தை, நான் தொடவே இல்ல அத்தை"ன்னு அழுகாத கொறையாச் சொல்றான். அவன் சொன்னா யாரு நம்புவா? அண்டை வீட்டுக்காரரு, "மூக்குன்னா மூக்குதான் சீனி"ன்னு சொல்லி எங்க வீட்டுக்காரரு தோள்ல தட்டுனாரு.

இந்த மனுசன் என்னைத் திரும்பிப் பாத்தாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. கைய எடுத்துக் கும்பிட்டாலும் கும்பிட்டுருவாருன்னு பயந்துட்டேன். ஆனா தொண்டையக் கனைச்சு, வேட்டிய இழுத்துக் கட்டி, மாப்பிள்ளை பக்கம் திரும்புனாரு.

"பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தேன் மாப்ளே. காத்துல லேசா ஒரு மாத்தம். வேற எவனுக்கும் தெரியாது. வெடிமருந்து வாசம் ஒரு பக்கம், உங்க அத்தை சுடுற பலகாரம் ஒரு பக்கம், ரெண்டையும் ஒதுக்கிட்டு நடுவுல பாத்தேன், இது கேஸுன்னு புடிச்சுட்டேன்..."

மாப்பிள்ளை வாயப் பொளந்து கேக்குறாரு. எம்பொண்ணுக்குப் பெருமை தாங்கல. பேச்சு வாசல்லருந்து மலைக்குப் போயி, எந்தக் காலத்துலயோ மூட்டைக்குள்ள கட்டுவிரியன மோந்து கண்டுபுடிச்ச கதைக்குப் போயிருச்சு. அத்தனையும் புளுகு. என் நாக்கு நுனியில நல்ல நல்ல வார்த்தையா வந்து நிக்குது. எல்லாத்தையும் முழுங்கிட்டு, அவரு சொல்லச் சொல்ல ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டு நின்னேன்.