கறுப்புக்கு விளக்கு இல்லை

நகர மன்றக் கட்டடத்தின் முகப்பில் எந்த நிறம் கேட்டாலும் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள் அந்த மன்றத்து மின்பணிப் பெண். தெரு முழுக்க அவளுக்கு லைட்டக்கா என்றுதான் பெயர். சுவருக்குக் கீழே வரிசையாக நிற்கும் பெரிய விளக்குகள் ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே ஒளிகள். சிவப்பை முழுதாக விட்டு, பச்சையைக் கொஞ்சம் கலந்தால் ஆரஞ்சு. மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. ஆனால் சுவர் பழுப்பேறியது. அப்படியே விட்டால் வெள்ளை டீக்கறை மாதிரி தெரியும். நீலத்தை ஒரு சிட்டிகை கூட்ட வேண்டும். குழம்புக்கு உப்புப் போடுவது போல அவளுக்கு அது கைக்கணக்கு.

அன்றைய வேலையில் மட்டும் ஒரு முடிச்சு. தொலைவில் ஒரு நாட்டின் ரயில் நிலையத்தில் குண்டு வைத்து ஏராளமானவர்களைக் கொன்றிருந்தார்கள். அந்த மக்களின் துக்கத்தில் பங்கெடுக்க, முகப்பை அந்த நாட்டுக் கொடியாக மாற்றும்படி மன்றம் சொல்லியிருந்தது. மேலே ஆரஞ்சு, நடுவில் வெள்ளை, கீழே கறுப்பு.

கறுப்பு ஒளி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. விளக்கை அணைத்தால்தான் கறுப்பு. அப்போதும் எதிர்க்கடைகளின் வெளிச்சம் சுவரின் அடிப்பாகத்தில் விழுந்தால், மிஞ்சுவது அழுக்குச் சாம்பல்தான்.

"கீழ நீலத்தப் போட்டுட்டு வேலையப் பாரு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அவளுடைய அண்ணன். மன்றத்துக்கு நேர் எதிரே இருக்கும் செல்போன் கடை அவருடையது.

"பக்கத்துக் கடை டெய்லருக்குத் தெரியும்ணே."

டெய்லர் அந்த நாட்டுக்காரன். இறந்தவர்களில் அவன் தங்கையும் ஒருத்தி. அங்கே விமான நிலையங்களை மூடிவிட்டதால் அடக்கத்துக்குக்கூட அவனால் போக முடியவில்லை. காலையில் லைட்டக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தான்.

"அக்கா, சாயங்காலம் அம்மா வீடியோவுல வருவாங்க. நம்மளக் கேக்க நாதியில்லன்னு ஒரே புலம்பல். இந்த ஊர்ல எங்க கொடி நிக்கிறத அவங்களுக்குக் காட்டணும். நல்லா வரும்ல?"

"நான் போட்டு வராம போகுமா?" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது இருட்டத் தொடங்கியதும், அந்த வாக்குக்குக் குறுக்கே அண்ணன் கடையின் பெயர்ப்பலகை பளபளத்துக்கொண்டு நின்றது.

"போர்டை அணைண்ணே."

"வியாபார நேரத்துலயா? பஸ் நிலையம் வரைக்கும் தெரியுற போர்டும்மா இது!"

"அதான் தொல்லையே. இங்க வா."

அவர் கையைப் பிடித்து எதிரே மன்றச் சுவருக்கு இழுத்துப் போனாள். அவருடைய நிழல் தொப்பையோடு சுவரில் விழுந்தது.

"இந்த நிழல் எங்கேருந்து வந்துச்சு? உன் போர்டு வெளிச்சத்த உன் தொப்பை மறைக்குது. மறைச்ச இடத்துல பாரு, எவ்வளவு நல்ல கறுப்பு! எனக்குச் சுவர் முழுக்க இது வேணும். நீயே வந்து நின்னாலும் போதும், ஆனா அவ்வளவு அகலம் நீ இல்ல."

"கொழுப்புடி உனக்கு." அவர் இடப்பக்கம் நகர்ந்தார், நிழலும் நகர்ந்தது. பிறகு டெய்லர் கடைப் பக்கம் திரும்பினார். "அவன் தங்கச்சி, அந்தப் பொண்ணு, போன வருஷம் அண்ணனப் பாக்க வந்திருந்தாளே. நம்ம கடையிலதான் போன் வாங்கினா. கவர் ஒண்ண இனாமா வாங்காம நகரவே இல்ல, கெட்டிக்காரி." மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனார். பெயர்ப்பலகை அணைந்தது. அதோடு விடவில்லை மனிதர். மருந்துக்கடை, பழக்கடை, சலூன் என்று ஏறி இறங்கி, அந்தத் தத்துவத்தைத் தானே கண்டுபிடித்தவர் போல எல்லோருக்கும் விளக்கி, கடை விளக்குகளை அணைக்க வைத்தார்.

நன்றாக இருட்டியது. அவள் தெருவிளக்குகளை அணைத்து, பெருவிளக்குகளை ஏற்றினாள். ஆரஞ்சு வந்தது. வெள்ளை வந்தது, டீக்கறை இல்லாமல். கீழே கறுப்பில் மட்டும் ஒரு மஞ்சள் கீற்று விழுந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். டெய்லர் கடைக்குள் தையல் மிஷின் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவன் குனிந்து யாருடைய பேண்ட்டுக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் போய் அணை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவளே போனாள்.

"தம்பி, இதுவும் சுவர்ல விழுது."

"கை சும்மா இருந்தா நெஞ்சு அடைக்குதுக்கா."

"தெரியும். தைக்கிறதுக்கு ராத்திரி பூராவும் கிடக்கு. இப்ப போனை எடுத்துக்கிட்டு வெளிய வா. எல்லாரும் நிக்கிறாங்க."

அவன் பல்பை அணைத்தான். சுவரின் கீழே கறுப்பு ஒரே சீராகப் படிந்தது.

போனில் அவன் அம்மா வந்தார். அவன் கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். திரையில் கறுப்பு வெளுத்துத் தெரிந்தது. கேமரா இருட்டைக் கண்டால் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். லைட்டக்கா எட்டி, திரையில் வெள்ளைப் பட்டையின் மேல் விரலை வைத்தாள். கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள, கறுப்பு கறுப்பானது.

அம்மா ஏதோ கேட்டார். டெய்லர் தன் மொழியில் பதில் சொன்னான். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பினான்.

"ஊர்ல கரன்ட் போயிடுச்சான்னு கேட்டாங்க. இல்லம்மா, நமக்காக எல்லாரும் அணைச்சிருக்காங்கன்னு சொன்னேன்."

திரையில் அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் கொடியையே பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அதட்டலாக ஏதோ சொன்னார். டெய்லருக்கு அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது.

"போதுமாம், லைட்டப் போடச் சொல்றாங்க. இருட்டுல யாராவது தடுக்கி விழுந்துடப் போறாங்களாம்."

சலூன் படியில் ஏற்கெனவே இடித்துக்கொண்ட முழங்காலை அண்ணன் தடவிவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் அவசரமில்லன்னு அம்மாகிட்டச் சொல்லு தம்பி," என்றார். "நாங்க கெட்டியாத்தான் நிக்கிறோம்."