இல்லாத புருஷன்

மூத்தவளுக்கு ஒன்பது வயதில், அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீர்ப் பாத்திரம் அவள்மேல் கவிழ்ந்தது. யாரும் தள்ளிவிடவில்லை. ஈரத் தரையில் கால் வழுக்கியது, அவ்வளவுதான். இடது கன்னத்தில் தொடங்கிய தழும்பு கழுத்து வழியாகத் தோள்வரை இறங்கியது. புண் ஆறிய பிறகு தோல் சுருங்கிக் கழுத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டது. இடப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் தோளோடு சேர்ந்துதான் திரும்புவாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. வந்தவர்கள் அவளை நேரில் பார்த்ததோடு இரண்டு முறையும் நின்றுபோனது. அப்புறம் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அந்தத் தோலில் சட்டைத் தையல் உரசினால் நெருப்பாக எரியும். அதனால் தன் துணிகளைத் தானே தைத்துக்கொள்வாள், தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி.

பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தபோது, சட்டை மாட்டினாலே அது வீல் வீல் என்று கத்தியது. மூத்தவள் போய்த் தூக்கிப் பார்த்தாள். அக்குளில் சிவப்பாக ஒரு கோடு.

"தையல் குத்துதுங்க. பாவம், அதுக்குச் சொல்லத் தெரியல" என்றாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த பருத்தித் துணியில் மூன்று சட்டை தைத்துக் கொடுத்தாள். தையல் வெளியே, பொத்தானுக்குப் பதில் நாடா, கழுத்தில் லேபிள் கிடையாது. குழந்தை அடங்கிவிட்டது.

இளையவள் அப்போது ஒரு செல்போன் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை பார்த்தாள். படு சுட்டி. அந்தச் சட்டைகளை ஜன்னலோரம் விரித்துப் படம் எடுத்து, இணையத்தில் ஒரு பக்கம் திறந்து போட்டுவிட்டாள். முதல் வாரம் ஒருத்தி கேட்டாள். அடுத்த வாரம் நாலு பேர். மூன்றாவது மாதம் கடை வேலையை விட்டுவிட்டாள்.

ஒன்றரை வருடம் இரண்டு பேரும் மாடாய் உழைத்தார்கள். கூடத்திலிருந்த கட்டிலைக் கழற்றிவிட்டு வெட்டும் மேசை போட்டார்கள். அம்மாவின் படுக்கை சமையலறைக்குப் போனது. ஆரம்பத்தில் அனுப்பிய சட்டைகள் ஒரே துவைப்பில் சுருங்கிப்போய், பதினொரு பேர் திருப்பி அனுப்பினார்கள். இளையவள் அந்தப் பதினொரு பேருக்கும் தானே போன் போட்டு, திட்டை வாங்கிக்கொண்டு, வேறு சட்டை அனுப்பி வைத்தாள். அன்றிலிருந்து துணியை இரண்டு முறை அலசிக் காயவைக்காமல் கத்தரி வைப்பதில்லை. மொட்டை மாடிக் கொடி முழுக்க வெள்ளைத் துணியாகத் தொங்கும். அம்மா நூல் பிசிறு வெட்டினாள். மூத்தவளின் விரலில் ஊசி இரண்டு முறை நகத்தோடு ஏறி இறங்கியது. பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு மறுபடி மிஷினை மிதித்தாள்.

சம்பளத்துக்கு இரண்டு தையல்காரிகளையும் சேர்த்தார்கள். அதில் ஒருத்தி வாயை மூடவே மாட்டாள் என்பதால் அவளுக்கு வானொலி என்று பெயர்.

பிறகு பெரிய கடைகளும் வெளித்தையல் சட்டை போட ஆரம்பித்தன. ஆர்டர் குறைந்தது. அடுத்த மாதம் இன்னும் குறைந்தது. இளையவள் சாப்பிடும்போதுகூட போனை வெறித்துக்கொண்டிருந்தாள். அப்படியே ஆறேழு வாரம் போனது. ஒரு திங்கட்கிழமை, மடை உடைந்த மாதிரி ஆர்டர்கள் வந்து கொட்டின. பொட்டலம் கட்டக் கை போதவில்லை.

"என்னடி இது திடீர்னு?" என்றாள் மூத்தவள்.

"நம்ம உழைப்புதான்க்கா. சும்மா போயிடுமா?"

மூத்தவள் நம்பினாள்.

கூரியர்காரர் தினமும் மூன்று மணிக்கு வருவார். இரண்டு வருடமாக அவள் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. பொட்டலங்களை எண்ணுவார், போவார். அன்று மூட்டையைத் தூக்கிய பிறகும் வாசலிலேயே நின்றார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த ஆள் இன்னும் உள்ளதான இருக்கான்?"

"எந்த ஆளு? எங்க உள்ள?"

"ஜெயில்லக்கா. அதான்... உங்க வீட்டுக்காரரு."

"எனக்கு ஏதுங்க வீட்டுக்காரரு?"

அவர் எல்லாம் புரிந்தவர்போலத் தலையாட்டினார். "அப்படித்தான்கா சொல்லணும். தலைமுழுகிட்டீங்க, நல்லது. உங்க கதையப் படிச்சுட்டு என் பொண்டாட்டி சாப்பிடவே இல்ல, தெரியுமா?"

மூத்தவள் உள்ளே வந்து வானொலியைக் கேட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக வானொலி பதில் சொல்லாமல் போனை எடுத்து நீட்டினாள்.

படத்தில் அவள்தான். குனிந்து தைக்கும்போது, அவளுக்குத் தெரியாமல் இடப்பக்கமிருந்து எடுத்தது. தழும்பு ஒரு சுருக்கம் விடாமல் தெரிந்தது. கீழே அவளே பேசுவதுபோல எழுதியிருந்தது. 'சாப்பாடு தாமதமானதற்காக என் கணவன் என்மேல் கொதிநீரை ஊற்றினான். அப்போது நான் ஏழு மாதம். முகமும் போனது, குழந்தையும் போனது. அந்தக் குழந்தை போட்டுக்கொள்ளாத சட்டையைத்தான் இன்று உங்கள் குழந்தைக்குத் தைக்கிறேன்.'

இரண்டு முறை படித்தாள். கல்யாணமே ஆகாதவளுக்குத் தங்கை ஒரு புருஷனையும் ஒரு பிள்ளையையும் கொடுத்து, அதே நாலு வரியில் இரண்டையும் எடுத்தும் விட்டிருந்தாள்.

இளையவள் சமையலறையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். மறைக்கக்கூட இல்லை.

"தண்ணி கொட்டிடுச்சுன்னு எழுதினா எவ நின்னு படிப்பா? தையல் வெளிய இருக்கு, தையல் வெளிய இருக்குன்னு ரெண்டு வருஷமா தொண்ட கிழியக் கத்தினேன். யாராவது திரும்பிப் பாத்தாங்களா? இத எழுதின மறுநாளே பாத்தாங்க."

"எனக்குப் புள்ள செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கியேடி."

இளையவளின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.

நூல் வெட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னாள். "இல்லாத புருஷன்தானே. அவனுக்கா வலிக்கப் போகுது? இத்தன வருஷம் அந்த மூஞ்சியால இந்த வீட்டுக்கு என்ன கிடைச்சுது? இப்பவாவது..." அதற்குமேல் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு மகள் நன்றியாக இருக்கவேண்டும் என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

மூத்தவள் எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்தாள். வேறு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேசையில் அறுபது சட்டை வெட்டிக் கிடந்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்கு நேரலை. குழந்தைகள் தூங்கும் நேரம், தாய்மார்கள் போனைக் கையில் எடுக்கும் நேரம். மூத்தவள் ஒன்றும் பேசவேண்டாம், தைத்தால் போதும். இடது கன்னம் தெரியவேண்டும் என்பதற்காக இளையவள் மிஷினை எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். வெளிச்சம் முதுகில் விழுந்தது. தன் நிழலிலேயே ஊசியைத் தேடித் தைத்தாள். சட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. மேலும் மூன்று தையல்காரிகள் வந்தார்கள்.

ஐந்தாவது மாதம் இளையவள் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டாள். வாடிக்கையாளருக்குப் பதில் போட ஆள் இல்லாததால் போன் மூத்தவள் கைக்கு வந்தது. அளவு கேட்டவர்கள், நிறம் கேட்டவர்கள், அழுதவர்கள் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒரு செய்தியில் நின்றாள். ஒரு மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டரம்மா எழுதியிருந்தார். தீக்காயத் தழும்புகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் குழு ஒன்று இரண்டு வாரம் தங்கப்போகிறது, தைக்கும் அக்காவின் கழுத்தை முழுசாகத் திருப்ப வைக்கமுடியும், முகத்திலும் பெரிய மாற்றம் தெரியும், கட்டணம் கிடையாது. எழுதி மூன்று மாதமாகியிருந்தது. கீழே பதிலும் இருந்தது.

'மிக்க நன்றி. அக்காவுக்கு விருப்பமில்லை. இந்தத் தழும்பு என் அடையாளம் என்கிறார்.'

மூத்தவள் மாடிக்குப் போய், துணிகளுக்கு நடுவே நின்று, செய்தியிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு நர்ஸ்.

"அந்த டீம் எப்பவோ கிளம்பிட்டாங்களே. உங்களுக்குன்னு ஒரு இடம்கூட வெச்சிருந்தோம். வேண்டாம்னு சொன்னதும் வேற ஒருத்தங்களுக்குக் குடுத்துட்டோம்."

"மறுபடி எப்ப வருவாங்க?"

"சொல்ல முடியாதுங்க. வந்தா சொல்றோம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க வீடியோ எல்லாம் பாப்பேங்க. தைரியமா இருங்க" என்றாள்.

கீழே வந்து, போர்த்திப் படுத்திருந்த தங்கையை எழுப்பி, போனை முகத்துக்கு நேரே காட்டினாள்.

இளையவள் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆபரேஷன்னா மூணு மாசம் மிஷின்ல உக்கார முடியாதுக்கா. அப்ப தீயா ஆர்டர் வந்துட்டிருந்துச்சு. யாரு தைக்கிறது?"

"அதுக்குத்தானா?"

இளையவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அம்மாதான் சொன்னாள். "மூஞ்சி சரியாயிட்டா உன்னை யாருடி பாப்பாங்க?"

வெள்ளிக்கிழமை நாலு மணி. காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்த இளையவள் போனைத் தாங்கியில் பொருத்தி நேரலையைத் திறந்தாள். மூத்தவள் பத்து நிமிடம் வழக்கம்போலத் தைத்தாள். பிறகு மிதிப்பதை நிறுத்தி, தோளோடு சேர்ந்து திரும்பி, போனைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். எனக்குக் கல்யாணமே ஆகல. யாரும் என்மேல எதையும் ஊத்தல. ஒம்பது வயசுல நானே வழுக்கி விழுந்தேன். புள்ளயும் கிடையாது. எழுதினது எல்லாம் பொய்."

இளையவள் தடுப்பாள் என்று நினைத்தாள். அவள் தடுக்கவில்லை. போனுக்குப் பின்னால் அசையாமல் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவளும் பார்த்தாள். வரிகள் ஏறிக்கொண்டே போயின.

'ஐயோ, அவன் மிரட்டி வச்சிருக்கான் போல.'

'பயப்படாதீங்க அக்கா, நாங்க இருக்கோம்.'

'இப்பவும் அவனை விட்டுக்குடுக்காம பேசுறாங்க பாருங்க. கண்ணு கலங்குது.'

'ஒம்பது வயசுலயா? அப்ப ஊத்துனது அப்பாவா?'

'ஆறு மாசக் குழந்தைக்கு நீலம் இருக்கா?'

"இல்லைங்க, நிஜமா சொல்றேன். புருஷன்னு ஒருத்தன் கிடையவே கிடையாது" என்றாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. காலமான அப்பா கண்முன் வந்தார். வெந்த அவளைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் தெருவில் ஓடியவர். அவரைப் போய் இப்படிக் கேட்கிறார்களே என்று அழுகை முட்டியது. அடக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதாள். திரையில் சிவப்பு இதயங்கள் கொத்துக்கொத்தாக மேலே போயின. இளையவளின் கை நீண்டு, கண்ணீர் நன்றாகத் தெரியும்படி போனைக் கொஞ்சம் சாய்த்தது.

நேரலை முடிந்ததும் இளையவள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். உடம்பில் காய்ச்சல் சூடு இன்னும் இருந்தது. "அக்கா, பிச்சு உதறிட்ட. கைவசம் இருந்தது எல்லாம் வித்துப் போயிடுச்சு. ஒரு சட்டை மிச்சம் இல்ல." அவள் நடிக்கவில்லை. நிஜமான சந்தோஷத்தில்தான் இருந்தாள். மூத்தவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஒரு பையில் இரண்டு துணி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று அம்மா கேட்டாள். "வேலைக்கு" என்றாள். மூன்று பஸ் மாறி, தொழிற்கூடங்கள் இருக்கும் பக்கம் போய், பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்தாள். எடுத்தார்கள். மேற்பார்வை பார்க்கும் பெண்மணி ஒரு காற்சட்டைத் துணியைக் கொடுத்துத் தைக்கச் சொன்னார். தையலைப் புரட்டிப் பார்த்துத் திருப்தியானவர், பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க... அந்த கொழந்தைச் சட்டை அக்கா இல்ல?"

அவர் கூப்பிட்ட சத்தத்தில் பக்கத்து வரிசை மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் எழுந்து வந்தார்கள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி தோளை ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் பாவி இப்ப எங்கம்மா இருக்கான்?" என்று மேற்பார்வைப் பெண்மணி கேட்டார்.

மூத்தவள் வாயைத் திறந்தாள். எப்படிச் சொன்னாலும் இவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"செத்துட்டான்" என்றாள்.

"அப்பாடா" என்றார் அவர். மற்றவர்களும் பெருமூச்சு விட்டார்கள். யாரோ எப்படிச் செத்தான் என்று கேட்டார்கள். வழுக்கி விழுந்து என்றாள். நல்லா வேணும் என்றார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள். வரிசையின் கடைசியில், சுவரைப் பார்த்துப் போட்டிருந்த ஒரு மிஷினை அவளுக்கு ஒதுக்கினார்கள். முப்பது காற்சட்டைத் துணிகள் கட்டாக வந்து இறங்கின. நூலைக் கோத்துக்கொண்டு முதல் துணியை எடுத்தாள்.