மெரிண்டியில் எடுத்த கடைசி ஷாட்

1956 மார்ச்சில் எங்கள் ஊர் மெரிண்டியில் ஒன்பது நாள் சூரியன் மறையவில்லை. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மேற்கு மேட்டின்மேல் வந்து நின்றது, அப்படியே நின்றுவிட்டது. காரணம், படமெடுக்க வந்தவர்களின் சண்டை. அந்த வெளிச்சத்துக்காக டைரக்டர் ஆர்ச்சி லோமாக்ஸ் மூன்று வாரம் காத்திருந்தார். நாயகன் ரெக்ஸ் ஹாலரன் கேமராவுக்கு முதுகைக் காட்டிச் செம்மண் ரோட்டில் நடந்து, மேட்டைத் தாண்டி மறைய வேண்டும். ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பேன் என்றார் ரெக்ஸ். கூடவே கூடாது என்றார் ஆர்ச்சி. இருவரும் அசையவில்லை, வெளிச்சமும் போகவில்லை.

கடிகாரங்கள் மட்டும் தம் பாட்டுக்கு ஓடின. அதுதான் வயிற்றெரிச்சல். சட்டப்படி மதுக்கடையை ஆறு மணிக்குச் சாத்த வேண்டும். கான்ஸ்டபிள் சூரியனைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊரே நாக்கு வறண்டு வெயிலில் நின்றது. ஆடுகள் தூங்காமல் மேய்ந்து புல்லை வழித்தன. இருட்டாததால் கோழிகள் குழம்பி முட்டையிடவில்லை, முட்டை விலை ஏறியது. ஜனங்கள் தன் முகத்துக்காகத்தான் படம் பார்க்க வருகிறார்கள் என்று ரெக்ஸ் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் அவருக்குப் பயம். ஐம்பத்திரண்டு வயதில் முதுகைக் காட்டினால் மறந்தே போவார்கள் என்று நினைத்தார், பாவம்.

ஒன்பதாம் நாள் மதுக்கடைக்காரி டல்சி பெங்கெல்லி பட்டாணிச் சூப்பை ரெக்ஸ் முன்னால் வைத்தாள்.

"இங்க பாரு கண்ணு. எங்க வீட்டுக்காரர் யுத்தத்துக்குக் கிளம்பி இதே ரோட்லதான் போனாரு. திரும்பிப் பாக்கல. பதினாலு வருஷமாச்சு, முகம் மங்கிப்போச்சு. முதுகு அப்படியே இருக்கு."

ரெக்ஸ் சூப்பைக் குடித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நடந்தார். திரும்பவில்லை. அவர் மேட்டைத் தாண்டியதும் சூரியன் இறங்கியது. டைரக்டர் 'கட்' சொல்லாமல் நடிகர் நிற்கக்கூடாது என்பது அந்தத் தொழிலில் முறை. ஆர்ச்சி அழுதுகொண்டிருந்ததில் சொல்ல மறந்துவிட்டார். பிலிம் தீர்ந்தது, ரெக்ஸ் நடந்துகொண்டே இருந்தார்.

நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த மார்ச்சில் கிழக்கிலிருந்து வந்தார். குற்ற உணர்ச்சியில் இளைத்துப்போன ஆர்ச்சி ரோட்டோரம் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். 'கட்' சொல்ல வாயைத் திறக்கப் போனவரை ரெக்ஸ் நடந்தபடியே தடுத்தார்.

"சொல்லிடாத ஆர்ச்சி. இப்பதான் நடை படிஞ்சு வருது."

ஆர்ச்சி இங்கேயே தங்கிவிட்டார். சட்டம் மாறிக் கடை இப்போது பத்து மணிவரை திறந்திருக்கிறது. ஒவ்வொரு மார்ச்சிலும் ரெக்ஸ் கடந்து போகும் அந்த ஒரு நாள் மட்டும் ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் டல்சி கதவைச் சாத்துகிறாள். அவர் வரும்போது சாண்ட்விச்சைக் கையில் கொடுக்கிறாள். அவர் எங்களைக் கடந்த பிறகுதான் நாங்கள் அந்த முதுகை நன்றாகப் பார்ப்போம்.