ட்ரோயா கொடுத்த முத்தம்

பால்டிமோர் துறைமுகத்தில் போலீசிடம் வாய் திறப்பதைவிட அந்த எண்ணெய்த் தண்ணீரில் குதிப்பது கௌரவம். டாக்டர் கெஸ்லர் அதை அனுபவித்தே தெரிந்துகொண்டார். கப்பல் சரக்கு கடத்தும் லென்னி புரூட்டுக்குப் பெரியம்மை. அவன் தொட்டவர்களுக்கெல்லாம் சட்டென்று ஊசி குத்தாவிட்டால் ஊரே பிணக்காடு. துறைமுகமோ, "லென்னியா? யாருங்க அது?" என்றது. பெண் கொடுத்த மாமனாரே அப்படித்தான் கேட்டார்!

பொறுமை போன டாக்டர், முடிதிருத்தும் கடையில் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்: லென்னி போலீசுக்கு ஆள்காட்டியாம். லென்னியின் கும்பல் தலைவன் கார்மைன் ட்ரோயா தேடிப் பிடிப்பான், பின்னாலேயே நாமும் போகலாம் என்பது கணக்கு. அதற்குள் கொன்றுவிட்டால்? தொட்டவர்கள் பேரைச் செத்தவனா வந்து சொல்வான்?

கணக்கு பலித்தது. போலீசோடு கிடங்குக் கதவை உடைத்தபோது, நாலு பேர் லென்னியை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். துரோகியைத் தீர்க்குமுன் இரண்டு கன்னத்திலும் முத்தமிடுவது அவர்கள் வழக்கம். ட்ரோயா இரண்டாவதையும் கொடுத்து முடித்திருந்தான்.

"ஐயோ, அது பரு இல்லய்யா, அம்மை!" என்று அலறினார் டாக்டர்.

எல்லோருக்கும் ஊசி, எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் ஒரே தனிமை அறை. ஜன்னலுக்கு வெளியே போலீஸ்காரர்.

"முந்தாநாள் ட்ரோயா வீட்டுக் கல்யாணத்துல யார் யாரோட ஆடினப்பா?" என்றார் டாக்டர்.

லென்னி கல்லுளிமங்கன் மாதிரி கூரையைப் பார்த்தபடி ட்ரோயாவிடம் சொன்னான்:

"என்னையா ஆள்காட்டின்னீங்க? இப்பப் பாருங்க, ஒரு பேரு வருதான்னு."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். தம் பொய்யே அவன் வாயைத் தைத்துவிட்டதே!

"அது நான் கட்டிவிட்ட பொய்ப்பா. மன்னிச்சுக்க."

"போலீஸ்கூட வந்தவரு பேச்சை நான் நம்பணுமா?"

"டேய், கல்யாணப் பொண்ணு என் மகடா! அவகூட ஆடினியா? சொல்லித் தொலைடா!" ட்ரோயா அழுதே விட்டான்.

லென்னி சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தான்.

ட்ரோயா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் தேடப்படும் ஆட்கள். ஒருவர் விடாமல் பெயரையும், பதுங்கியிருக்கும் இடத்தையும் ஒப்பித்தான். டாக்டர் ஊசிப் பெட்டியோடு ஓடினார். போலீஸ்காரர் விலங்கோடு ஓடினார்.

லென்னி மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, கிட்ட வாங்க. அந்த ரெண்டு கன்னத்தையும் கொஞ்சம் காட்டுங்க."