நான்கு விரல் பதிந்த பேரிக்காய்

எங்கள் ஊர் ஹைக்கூ கவிதைக் கூட்டத்தில் யாரும் சீட்டில் பெயர் எழுதுவதில்லை. சீட்டுகளைக் கலைத்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் கையெழுத்தில் படியெடுப்போம். பிறகு பிடித்ததைத் தேர்ந்தெடுப்போம். தேர்வானதை நான் வாசித்ததும் எழுதியவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவோம்.

அந்த செப்டம்பர் வெக்கையிலும் யாசுயே முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். காரணம் பக்கத்து வீட்டுக்காரியான எனக்குத் தெரியும். "இன்னிக்கு வாயைத் திறந்து பேரைச் சொல்லிட்டேன்னா, அப்புறம் அந்த வீட்டுக்குள்ள போக முடியாதுக்கா" என்று காலையில் சொல்லியிருந்தாள்.

அவள் மாமியார் ஃபுசனோ எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். யாசுயேயின் கணவன் கெங்கோ, மரத்திலேயே காய்களுக்குக் காகித உறை கட்டி வளர்க்கும் பேரித் தோட்டக்காரன், இரண்டு கவிதைகளைத் தேர்ந்தெடுத்திருந்தான். வாசித்தேன்.

காகித உறை பிரித்தேன்
பேரிக்காயின் கன்னத்தில்
நான்கு விரல்.

கன்றிய பேரிக்காய்
தோல் சீவிப் பரிமாறினேன்
யாரும் கேட்கவில்லை.

"ரெண்டும் ஒரே காய்தான்" என்றான் கெங்கோ. "முதல்ல உள்ளது பச்சைக் காயம். அடுத்தது மறைச்ச காயம். என் ஓட்டு முதல் கவிதைக்கு. எழுதினவன் தோட்டக்காரன்தான். பறிக்கிறப்ப அழுத்திட்டான், முரட்டுப்பய."

சிரித்தார்கள். நான் காத்திருந்தேன்.

"யாசுயே" என்றாள் அவள்.

மேஜை கவிழ்ந்தது. கெங்கோ அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, முகத்தில் குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் சீட்டுகள் மேல் தெறித்தது. தடுக்கப் போன என்னை உதறியதில் சுவரில் போய் மோதினேன்.

"ஊர் முன்னாடி என்னை அம்மணமாக்குறியா?" என்று மறுபடி கையை ஓங்கினான்.

ஃபுசனோ இரும்புக் கெட்டிலால் அந்தக் கையில் அடித்தார். எலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது. கொதிநீர் அவன் தோளில் கொட்ட, அலறிக்கொண்டு விழுந்தான்.

"அம்மா..."

"ரெண்டாவது கவிதைக்கு யாரும் பேர் சொல்லலியே" என்றார் என்னைப் பார்த்து. அவர் விரல்களும் வெந்திருந்தன. "ஃபுசனோ."

பிறகு மகனிடம் குனிந்தார். "என் கன்னத்துல உங்கப்பா பதிச்சதுடா அது. நீ பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தே. இவளுக்கு நடக்கிறப்ப நானும் உன்னை மாதிரிதான் உக்காந்திருந்தேன்."

நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஃபுசனோ வாசலுக்குப் போனார். செருப்பு அடுக்கிலிருந்து தன்னுடையதும் யாசுயேயுடையதுமான இரண்டு ஜோடியை எடுத்து, முனை தெருவைப் பார்க்கும்படி வைத்தார்.

"ரத்தத்தைத் துடைச்சுக்கோம்மா" என்றார். "பஸ் நாலு மணிக்கு."