சிவப்பு மூடிக்காரன்

ஒசாகாவில் டாக்சி ஓட்டியே தலை நரைத்துப்போன சோஷின், மனைவி மிசாவோவைக் கூட்டிக்கொண்டு தான் பிறந்த தீவுக்கே திரும்பியிருந்தார். ஒரு வருஷம் இருந்து பார்ப்பேன், ஒத்துவராவிட்டால் ஒசாகாவுக்குக் கிளம்பிவிடுவேன் என்பது அவள் போட்ட நிபந்தனை. மிசாவோ சொன்னால் சொன்னதுதான். வருஷம் முடியப் போகிறது என்று நினைத்தாலே மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. மேற்குப் பாறைக்குக் கூட்டிப்போய்ச் சூரியன் மறைவதைக் காட்டினார்.

"ஏங்க, ஒசாகாவுல மட்டும் சூரியன் மறையாமலா இருக்கு?" என்றாள்.

திமிங்கிலம் பார்க்கப் படகேற்றினார். அவள் வாந்தி எடுத்ததுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய தலைக்குத் தேய்க்கும் கமேலியா எண்ணெய்ப் புட்டியின் சிவப்பு மூடி காணாமல் போனது. வீடு முழுக்கத் தேடினாள். சாயங்காலம் பப்பாளி மரத்தடியில் மூடி தானாக நடந்து போய்க்கொண்டிருந்தது. அடியில், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு ஒன்று. சங்கு கிடைக்காமல் மூடிக்குள் குடியேறியிருந்தது.

"திருட்டுப் பயலே" என்று அதன் எதிரே குந்தியவள், விளக்குப் போடக்கூட எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு தினமும் அவன் பேச்சுதான். ஊதா நிறக் கொடுக்கால் வாசலை அடைத்துக்கொள்வான், மணலில் தையல் போட்டதுபோலத் தடம் விடுவான், பப்பாளித் தோலில் பழுத்த பக்கத்தைத்தான் தின்பான். இத்தனை காலம் தன் காலடியில் ஊர்ந்த பிராணியிடம் இவ்வளவு இருக்கிறதா என்று சோஷினுக்கே ஆச்சரியம்.

"பிடிச்சு மூடியை வாங்கிடவா?" என்று சீண்டினார்.

"அது சட்டம் போட்டுப் பாதுகாக்கிற பிராணி, பிடிச்சா போலீஸ் வரும்னு சொன்னதே நீங்கதானே? இழுத்தா செத்துடும் வேற. அவனா திருப்பிக் கொடுக்கட்டும். கொடுத்த அன்னைக்கே படகேறிடுறேன்."

விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவா? கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. மூடி அவன் முதுகிலேயே கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

ஆனால் மூடி சின்னது. நண்டின் வயிறு பாதி வெளியே தெரிந்தது, வெயிலில் காய்ந்தது. மிசாவோ கரையெல்லாம் அலைந்தும் அளவான சங்கு அகப்படவில்லை. அளவான சங்கு சோஷினிடம் இருந்தது. தம்பி வீட்டில் சுட்டுத் தின்ற கடல் நத்தையின் ஓடு, சட்டைப் பைக்குள். கொடுத்தால் பெண்டாட்டி போய்விடுவாள். கொடுக்காவிட்டால் அவன் செத்துவிடுவான். நல்ல வம்பில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று நொந்துகொண்டார். கடைசியில் ஒரு சாயங்காலம் அதைப் பப்பாளி மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார்.

காலையில் சிவப்பு மூடி காலியாகக் கிடந்தது. அவள் இன்னும் பார்க்கவில்லை. எடுத்துக் கடலில் வீசினால் யாருக்குத் தெரியும்? பையில் போட்டுக்கொண்டு முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு உள்ளே போய் அவள் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

மிசாவோ மூடியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவரும் பின்னாலேயே போனார். புதுச் சங்குக்குள் சொகுசாக உட்கார்ந்து பப்பாளித் தோலைத் தின்றுகொண்டிருந்தான் பயல்.

"இந்தச் சங்கு நேத்து இங்க இல்லையே. நீங்க வச்சதா?"

"ம்."

"வச்சா நான் கிளம்பிடுவேன்னு தெரியும்ல?"

"தெரியும். அவன் வயிறு வெயில்ல காயுறதைப் பார்க்கச் சகிக்கலை."

அவள் குனிந்து, சிவப்பு மூடியை மரத்தடியிலேயே மல்லாத்தி வைத்தாள்.

"சின்னவன் எவனாவது குடிவரட்டும்."

"அப்போ எண்ணெய்ப் புட்டிக்கு?"

"துணியைச் சுருட்டி அடைச்சுக்கலாம்" என்றாள் மிசாவோ. "அலமாரியில இருக்கிற புட்டிதானே. அது எங்கயும் போகப் போறதில்ல."